பால்வாடி பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்

ஒரு ஆடி மழை நாளில், நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடிக்கு மனு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் ஜெர்கினோடு பாயில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் மரக்கட்டைகள், கோக்கிற மணிகள், விலங்குப் பொம்மைகள் எல்லாம் இருந்தன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "எடுத்துக் கொடுத்தா தொலைஞ்சிடும். அப்புறம் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்" என்றார் பணியாளர் அக்கா. அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் அந்தக் கட்டைகளைத் தொடாமலே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முட்டை, சத்துமாவு, தடுப்பூசி எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்குப் போகுமுன் கொடுக்கிற முன்பருவக் கல்வியும் அந்த ஆறில் ஒன்று என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. மாதம் ஒரு கருப்பொருள். அதையொட்டிப் பாட்டு, கதை, கையால் செய்கிற வேலை. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷன் பீ, படாய் பீ' திட்டம், தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் இந்தக் கல்வி நடக்க வேண்டும் என்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

கையால் செய்கிற வேலை என்றால் என்ன? மொச்சையையும் பட்டாணியையும் கலந்து கொட்டி, பிரிக்கச் சொல்வது. களிமண் பிசைவது. பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டுவது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது. நம் மலையில் இதற்குக் காசே வேண்டாம். பைன் காய், சில்வர் ஓக் இலை, கொழுந்து, முற்றிய தேயிலை, வாசலில் இறங்கினால் எல்லாம் கிடக்கிறது. கொழுந்தையும் முற்றிய இலையையும் பிரிக்கிற பிள்ளை, பெரியது சிறியது, மெல்லியது தடித்தது எல்லாவற்றையும் விரலாலேயே படித்துவிடுகிறது. மணி கோத்த விரலுக்குத்தான் பிற்பாடு பென்சில் பிடிக்கிற பலம் வரும். பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். மையத்தில் தமிழில் கேட்டால் வாய் திறப்பதில்லை. "மந்தம்" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். கட்டை அடுக்க மொழி தேவையில்லை. அதைக் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரியும்.

இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். "அ, ஆ எழுத வைக்கலை, சும்மா விளையாட விடுறாங்க" என்று சண்டை போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், மாதம் ஆயிரம் ரூபாய் கட்டித் தனியார் எல்.கே.ஜி.யில் சேர்க்கிறோம். மூன்று வயதுப் பிள்ளை அங்கே நோட்டில் கோடு போடுகிறது. இங்கே விளையாட்டுதான் பாடம். விளையாட்டு நடக்கவில்லை என்றால்தான் சண்டை போட வேண்டும்.

சரி, சேர்க்கப் போகும்போது வழியை அடைக்கிற பேச்சுகளுக்கு வருவோம். நான் அதிகம் பார்த்தது ஆதார்தான். "பிள்ளைக்கு ஆதார் எடுத்துட்டு வாங்க, செயலியில் ஏறாது" என்பார்கள். மையங்கள் பிள்ளைகளைப் பதிகிற போஷன் டிராக்கர் செயலியில் தாயின் ஆதாரை வைத்தே பிள்ளையைப் பதியலாம். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில், எண் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேரவேண்டியதை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் ஆதார் மையத்துக்கு அலையவிட்டுவிட்டு, அங்கே "பிறப்புச் சான்று கொண்டு வா" என்று திருப்புகிறார்கள். வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று வாங்க இன்னொரு அலைச்சல். இந்தச் சுற்றிலேயே ஒரு வருஷம் போய்விடும். பிள்ளையின் வயதில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா? சான்று வாங்குங்கள், அது வேண்டியதுதான். ஆனால் அது வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கத் தேவையில்லை.

அடுத்தது, "உங்க ரேஷன் கார்டு வேற ஊர்ல இருக்கே." தோட்ட வேலைக்கு இடம் மாறி வந்த குடும்பங்களை இந்த ஒரு கேள்வியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கார்டு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது, பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் ஒன்று செய்தாக வேண்டும். பழைய ஊர் மையத்தில் பெயர் இருந்தால், அந்தப் பணியாளருக்கு ஒரு போன் போட்டு, செயலியில் இடமாற்றம் போடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் வந்தால் புதிய மையத்தில் "ஏற்கெனவே பதிவு" என்று காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளை வெளியே நிற்கும்.

வருமானச் சான்று, வறுமைக்கோடு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தத் திட்டத்துக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. "மூணு முடியட்டும்" என்றாலும் கேட்காதீர்கள், தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்தாலே மையத்துக்கு வரலாம். "எல்.கே.ஜி. இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று: 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான் அது தொடங்கியது. அந்தப் பெயர் இல்லாத மையத்திலும் முன்பருவக் கல்வி உண்டு.

எஸ்டேட் லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவர்கள் விழுகிற பள்ளம் வேறு. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அம்மா கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. பெரும்பாலும் தூங்க வைப்பதும் பால் கொடுப்பதும்தான் அங்கே நடக்கும். "உங்க பிள்ளை காப்பகத்துல இருக்கே, அப்புறம் எதுக்கு அங்கன்வாடி?" என்று சொல்லிப் பெயரைச் சேர்க்காமல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். காப்பகம் தோட்டத்தின் கடமை, அங்கன்வாடி அரசின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்க முடியாது.

மையமே இல்லாத ஊர் என்றால்? மந்து (தோடர் ஊர்), ஹட்டி (படுகர் ஊர்), காலனி, லைன் என்று சிதறிக் கிடக்கிற ஊர் நம்முடையது. யானை நடமாடுகிற பாதையில் இரண்டு கிலோமீட்டர் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போக யாராலும் முடியாது. "ஜனத்தொகை போதாது" என்பதுதான் அலுவலகத்தின் முதல் பதில். மலைப் பகுதிக்குக் கணக்கு வேறு என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். 300 பேர் இருந்தால் முழு மையம், 150 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி என்பது மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் உள்ள அளவுகோல். அதோடு, ஆறு வயதுக்குள் 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் 13 உத்தரவு. கணக்கெடுக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுவிடாதீர்கள், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் பட்டியலில் இருப்பவை. அவர்கள் ஊருக்கான மனுவில் இந்தப் பழங்குடிகளுக்காக 2023-இல் வந்த 'பி.எம். ஜன்மன்' திட்டத்தின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கன்வாடிக் கட்டடத்துக்கு அதில் தனியாகப் பணம் உண்டு.

இனி பீரோ. பொருள் பூட்டியிருந்தால் பணியாளரோடு மோதாதீர்கள். குறு மையமாக இருந்தால் சமையல், பதிவேடு, செல்போன் பதிவேற்றம், எடை பார்ப்பது எல்லாமே அவர் தலையில்தான். மாதத்தில் ஒரு நாள் பெற்றோரை அழைத்துப் பிள்ளைகள் செய்ததைக் காட்டுகிற முன்பருவக் கல்வி நாள் உண்டு. அன்றைக்கு நாலு அம்மாக்கள் சேர்ந்து போய், "பொம்மை உடைஞ்சா நாங்க சாட்சி சொல்றோம் அக்கா, எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்கள். உடைந்த பொருளைப் பதிவேட்டில் குறிக்கும்போது கூட நின்று கையெழுத்தும் போடுங்கள். அந்தக் கூடலூர்ப் பக்கத்து மையத்தில் பீரோ திறந்தது இப்படித்தான்.

பொருளே வரவில்லை என்றால் பணியாளரிடம் கேட்டுப் பயனில்லை, மேலே போக வேண்டும். மேற்பார்வையாளர் சி.டி.பி.ஓ.விடம் (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம்) கேட்கச் சொல்வார், சி.டி.பி.ஓ. மாவட்ட அலுவலகத்தைக் காட்டுவார், மாவட்ட அலுவலகம் "ஸ்டாக் வரல" என்று முடித்துவிடும். வாயால் கேட்டால் இந்த மூன்று வாசலும் உங்களைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். எழுதிக் கொடுங்கள். சி.டி.பி.ஓ.வுக்கு ஒரு மனு, மாவட்டத் திட்ட அலுவலருக்கு அதன் நகல். மையத்தின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, எந்தப் பொருள் இல்லை, எந்த நாளிலிருந்து இல்லை என்பதை மட்டும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "முத்திரை உள்ளே இருக்கு, ஆள் சாப்பிடப் போயிருக்கார்" என்றால் காத்திருங்கள், இல்லாவிட்டால் தபாலில் ஸ்பீடு போஸ்ட் போட்டு ரசீதை வையுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் பந்தலூரிலிருந்து ஊட்டி போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதற்கு முன் 1100 எண்ணில் முதல்வரின் உதவி மையத்தில் புகார் பதிந்து, அவர்கள் தருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு.

முப்பது நாளில் ஒன்றும் நகரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கள் மையத்துக்கு முன்பருவக் கல்விப் பொருள்கள் கடைசியாக எந்தத் தேதியில் வழங்கப்பட்டன? அதன் பட்டியல் என்ன, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட நகல் எங்கே? கடந்த ஓராண்டில் மேற்பார்வையாளர் எங்கள் மையத்துக்கு வந்த தேதிகள் எவை? "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள்.