வங்கிக்கு ஒன்று, குழுக்களுக்கு ஒன்று: மவுஸைத் தொடாமல் தனித்தனி மெயில் கணக்குகள்

கண்ணால் மெயில் பார்ப்பவர்களுக்கு இன்பாக்ஸ் நிரம்பி வழிவது ஒரு சின்னத் தொல்லை, அவ்வளவுதான். நாற்பது தலைப்புகள் இருந்தாலும் மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டி, தேவையானதைப் பிடித்துவிடுவார்கள். திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளில், மெயில் படிக்கும் நமக்கு அந்தக் கதை செல்லாது. கீழ் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் ஒரு மெயில். அனுப்பியவர் பெயரும் தலைப்பும் காதில் விழுந்த பிறகுதான் அது வேண்டுமா வேண்டாமா என்றே தெரியும். காது ஒவ்வொன்றாகத்தான் போக முடியும்.

பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே மெயில் முகவரி. வங்கி, போட்டித் தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், ஷாப்பிங், நண்பர்கள் குழு, தொழில்நுட்பக் குழு எல்லாம் ஒரே பானையில். வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மாணவருக்குத் தேர்வு அழைப்புக் கடிதம் வந்திருந்தது. குழு மெயில்களுக்கு அடியில் அது புதைந்துவிட்டது. தேர்வுத் தேதி முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தார். "தினமும் மெயில் பார்த்தேனே சார்" என்றார். பார்த்தது உண்மைதான். முப்பது மெயில் கேட்டதும் சலித்துப்போய் மூடியிருக்கிறார். யார்தான் மூடமாட்டார்கள்?

தனிக் கணக்கு வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலரும் யோசிப்பதில்லை. வங்கிக்கென்று வைத்திருக்கும் முகவரியை வேறு எங்கும் கொடுக்கவில்லை என்றால், குழுக் கணக்குக்கு "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு மெயில் வந்ததுமே அது போலி என்று தெரிந்துவிடும். அந்த முகவரி வங்கிக்குத் தெரியவே தெரியாதே! போலி மெயிலில் லோகோ கோணலாக இருக்கிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது என்றெல்லாம் பார்வையுள்ளவர்களுக்குக் கிடைக்கும் தடயங்கள் நமக்குக் கிடைக்காது. ஆனால் எந்தக் கணக்குக்கு வந்தது என்பது காதிலேயே கிடைக்கும் தடயம். கூடுதலாக, விண்டோஸுக்கான இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவில் இணைப்பின் மேல் நின்று இன்ஸர்ட்டுடன் கே அழுத்தினால் அது எந்த முகவரிக்குக் கொண்டுபோகிறது என்று படித்துச் சொல்லும். பழகிக்கொள்ளுங்கள்.

எத்தனை கணக்கு வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு இரண்டு போதும்: பணமும் அரசு சம்பந்தப்பட்டதும் ஒன்று, மற்றதெல்லாம் ஒன்று. வேலையில் இருப்பவர்களுக்கு அலுவலகக் கணக்கு மூன்றாவதாகச் சேரும். ஐந்து கணக்கு தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு மறந்து, கடைசியில் பழையபடி ஒன்றுக்கே வந்து நிற்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜிமெயிலில் முகவரிக்கு நடுவே புள்ளியை இடம் மாற்றி வைத்தால் வேறு கணக்கு ஆகாது. ஜிமெயில் அந்தப் புள்ளியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதேபோல் பெயருக்குப் பின்னால் பிளஸ் போட்டு ஒரு சொல் சேர்த்தாலும் மெயில் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும். வடிகட்டுவதற்கு அது உதவும், பிரிப்பதற்கு உதவாது. புதுக் கணக்கு என்றால் புதுக் கணக்குத்தான்.

கணக்கு தொடங்கும் பக்கத்தில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். வலைப்பக்கத்தில் என்விடிஏ முதலில் படிக்கும் நிலையில் இருக்கும், அப்போது எழுத்து விசைகள் எழுதாது, தாவத்தான் செய்யும். டேப் அழுத்தி எழுதும் பெட்டிக்குப் போனால் அது தானாகவே எழுதும் நிலைக்கு மாறிவிடும். 'டக்' என்று ஒரு சின்ன ஒலி கேட்கும். ஆனால் எஃப் அல்லது ஈ விசையால் தாவிப் போனால், என்டர் கொடுத்தால்தான் எழுத முடியும். அந்த ஒலியைக் கவனிக்காமல் பெயரை அடிக்க ஆரம்பித்தால், எச் தலைப்புக்குத் தாவும், பி பட்டனுக்குத் தாவும், கே ஏதோ ஒரு இணைப்பில் கொண்டுபோய் நிறுத்தும். "பேரை அடிக்கிறேன், எங்கெங்கோ ஓடுது சார்" என்று வகுப்பில் யாராவது சொன்னால், எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்கவே வேண்டியதில்லை. இன்ஸர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம்.

பாஸ்வேர்டு பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஸ்டார்' என்றுதான் கேட்கும். என்ன அடித்தோம் என்று தெரியாது. தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தாலும் தெரியாது. அதனால் முதலில் விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் பக்கத்தில் பாஸ்வேர்டைக் காட்டு என்று ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. டேப் அழுத்திப் போய் ஸ்பேஸ் கொடுத்தால், அடித்ததை இடது வலது அம்புக்குறியால் எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். அதற்கு முன் இரண்டு காரியம்: காதில் ஹெட்போன், அப்புறம் திரைச்சீலை. இன்ஸர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. நம் தோளுக்குப் பின்னால் யாராவது நின்று "உதவி" செய்துகொண்டிருப்பது நமக்குப் புதிதா என்ன?

பயனர் பெயரை அடித்து முடித்ததும் அதையும் அம்புக்குறியால் ஒருமுறை எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். வரியாகப் படிக்கும்போது நிறுத்தற்குறிகள் சில சமயம் காதில் விழாமலே போகும். புள்ளி எதுவும் இல்லாத பெயராக வைத்துக்கொண்டால் போனில் சொல்வதற்கும் சுலபம்.

சரிபார்ப்புக் கட்டத்தில் சிலருக்குத் திரையில் க்யூஆர் குறியீடு வந்து நிற்கும். அப்படி வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்கை வைத்துக் கணக்கைத் தொடங்கிவிட்டு, மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குகள் தயார் என்றால், இரண்டையும் பிரவுசரிலேயே வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். குரோமில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புரொஃபைல் அமைத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எம் அழுத்தி மாறிக்கொள்ளலாம். ஆனால் என் ஓட்டு, கணினியில் நிறுவி மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளுக்குத்தான். பிரவுசரில் அலங்காரம் இல்லாமல் வந்துகொண்டிருந்த எளிய எச்டிஎம்எல் ஜிமெயிலைப் பிடித்துக்கொண்டிருந்த நம்மவர்கள் பலர், 2024 தொடக்கத்தில் கூகுள் அதை நிறுத்தியபோது திண்டாடிப்போனார்கள். தண்டர்பேர்ட் இலவசம். மெனு, பட்டியல், பெட்டி என்று எல்லாம் விசைப்பலகைக்குக் கட்டுப்படும்.

ஆல்ட்டும் எஃப்பும் அழுத்தி, புதியது என்ற துணைமெனுவுக்குள் போய், மெயில் கணக்கைச் சேர்ப்பதற்கான வரியில் என்டர். பதிப்பு புதிதாகும்போது சொற்களும் ஜன்னலும் கொஞ்சம் மாறும், கேட்கும் விவரங்கள் அவையேதான்: பெயர், முகவரி. ஜிமெயில் என்று தெரிந்ததும் சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். மெயிலை சர்வரிலிருந்து எடுக்க ஐமேப், பாப் என்று இரண்டு வழி சொன்னால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். போனிலும் கணினியிலும் ஒரே மெயில்பெட்டி இருக்கும்.

அடுத்து கூகுளின் உள்நுழைவு ஜன்னல் திறக்கும். அது ஒரு வலைப்பக்கம், அதனால் பிரவுசரில் செய்வதையெல்லாம் இங்கேயும் செய்யலாம். இரண்டாவது கணக்கைச் சேர்க்கும்போது இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் கணக்கின் முகவரியையே அது காட்டிக்கொண்டு நிற்கலாம். அனுமதி பட்டனைத் தேடி பி விசையைத் தட்டுவதற்கு முன், பக்கத்தின் மேலே போய் எந்த முகவரிக்கு அனுமதி கேட்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் சின்ன வேலை. டூல்ஸ் மெனுவில் கணக்கு அமைப்புகளுக்குப் போய், கணக்கின் பெயர் என்ற பெட்டியில் முழு மெயில் முகவரி இருப்பதை அழித்துவிட்டு, 'வங்கி', 'குழு' என்று ஒரே சொல் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு நீண்ட முகவரிகளைக் கடைசி வரை கேட்டால்தான் எது எது என்று தெரியும். அப்புறம் குழுக் கணக்கின் சர்வர் அமைப்பில், குறிப்பிட்ட நிமிடத்துக்கு ஒருமுறை புதிய மெயில் பார்க்கச் சொல்லும் தேர்வை நீக்கிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது அந்த இன்பாக்ஸில் நின்று எஃப்5 அழுத்தினால் போதும். வங்கிக் கணக்கு மட்டும் தானாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

எழுதும்போது ஒரு பொறி உண்டு. பதில் எழுதினால், மெயில் எந்தக் கணக்குக்கு வந்ததோ அதிலிருந்தே போகும். புதிதாகக் கன்ட்ரோல் என் அழுத்தி எழுதினாலோ, அந்த நேரம் எந்தக் கணக்கின் கோப்புறையில் நின்றீர்களோ அதிலிருந்து போகும். குழு இன்பாக்ஸைப் படித்துக்கொண்டே வங்கி மேலாளருக்கு எழுதினால், அவருக்குத் தெரியாத முகவரியிலிருந்து கடிதம் போய்ச் சேரும். பெறுநர் பெட்டியிலிருந்து ஷிப்ட்டும் டேப்பும் ஓரிரு முறை அழுத்தினால் அனுப்புநர் பெட்டி வரும். எந்தக் கணக்கு என்று கேட்டு, வேண்டுமானால் அம்புக்குறியால் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, பழைய கணக்கின் மீட்பு எண், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறுவதற்காகக் கொடுத்திருக்கும் போன் எண், யாருடையது என்று பாருங்கள். நம்மில் பலருக்கு முதல் மெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது பிரவுசிங் சென்டர்காரர், இல்லையென்றால் அக்கா மகன். மீட்பு எண் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கும். பாஸ்வேர்டை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் கணக்கைத் திறக்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த எண் கைமாறினாலே போதும், சிக்கல்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் டேப் அழுத்திப் போய் மீட்பு எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால், அவசரத்துக்கு 8 இலக்கக் குறியீடுகள் 10 கொடுப்பார்கள். பிரெயில் தெரிந்தவர்கள் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராலும் படிக்க முடியாது. எண்ணை மாற்றினாலும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கக்கூடும். ஆகவே ஏதாவது விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.