மாப்பிள்ளை விசா தெரியும், பொண்ணு அங்க வேலை செய்யலாமான்னு கேட்டீங்களா?

வெளிநாடு போறவங்களோட சர்டிஃபிகேட்ட எல்லாம் ஒழுங்குபண்ணி, அந்தந்த நாட்டு அங்கீகாரத்துக்கு எப்படி அனுப்பறதுன்னு வழி சொல்றதுதான் வேலூர்ல என் வேலை. கல்யாணமாகி போற பொண்ணுங்க நிறைய வராங்க, பிஎஸ்சி நர்சிங், பிஇ, எம்எஸ்சி பிஎட்னு நல்லா படிச்சவங்க. 1918லயே பொம்பளைங்களுக்குன்னு மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு இது. ஆனா மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், கிரீன் கார்டு எப்ப வரும்னு எல்லாம் விசாரிக்கிற வீட்டுல, நம்ம பொண்ணு போற விசாவுல அவ வேலைக்கு போலாமான்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. நான் கேட்டா "இன்னா மேடம், அதெல்லாம் அங்க போயி பாத்துக்கலாம்"னு அம்மாவே சொல்லிடறாங்க.

அங்க போயி பாத்துக்கற விஷயமே இல்ல இது. அமெரிக்காவுல மாப்பிள்ளை எச்-1பிங்கற வேலை விசான்னா பொண்ணுக்கு எச்-4ங்கற குடும்ப விசா, அதுல பொதுவா வேலை செய்யக்கூடாது. 2015ல வந்த விதிப்படி, கிரீன் கார்டுக்காக அவருக்கு கம்பெனி போடற ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருந்தாலோ, எச்-1பி ஆறு வருஷத்த தாண்டி நீட்டிப்பு கிடைச்சிருந்தாலோதான் அவ வொர்க் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ண முடியும். அவரே கம்பெனி தன்னோட அமெரிக்க கிளைக்கு மாத்தி அனுப்பற எல்-1 விசாவுல போயிருந்தா மனைவி வேலை பாக்கலாம். ஜெர்மனியிலயும் மனைவியா போறவங்களுக்கு வேலை செய்ய தடை இல்ல. அதனால நிச்சயத்துக்கு முன்னாடியே இத கேளுங்க, கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல.

உரிமை இருந்தாலும் படிப்ப அங்க ஏத்துக்கணுமே. சாஃப்ட்வேர்னா கம்பெனி எடுத்துக்கிட்டா போதும், ஆனா டாக்டர், நர்ஸ், டீச்சருக்கு அந்த நாட்டு பதிவு இல்லாம நடக்காது. பிரிட்டன்ல நர்ஸுக்கு இங்கிலீஷ் தேர்வு, அப்புறம் சிபிடிங்கற கம்ப்யூட்டர் தேர்வு, ஓஎஸ்சிஇங்கற செய்முறை தேர்வு. சிபிடிய இந்தியாவுலயே எழுதிட்டு போலாம். ஜெர்மனியில டாக்டருக்கு மருத்துவ ஜெர்மன்லயே தனியா ஒரு பரீட்சை, டீச்சருக்கு பொதுவா ரெண்டு பாடம் படிச்சிருக்கணும், இங்க ஒரே பாடத்துல பட்டம் வாங்கினவங்க அங்கதான் மாட்டிக்கறாங்க. ஆஸ்திரேலியாவுல நர்ஸுன்னா கடைசி 5 வருஷத்துல 450 மணி நேரமாவது வேலை பாத்திருக்கணும். கல்யாணம், குழந்தைன்னு விட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா இதுவே பெரிய சுவரா நிக்கும்.

என்கிட்ட வர்ற கேஸ்ல பெரிய தலைவலி எதுன்னா இனிஷியல்தான். மார்க் ஷீட்டுல ஒத்தை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, கல்யாணத்துக்கப்புறம் அவசர அவசரமா பாஸ்போர்ட்ட மாத்தி வீட்டுக்காரர் பேரு சேத்துடறாங்க, ஆக மூணு பேப்பர்ல மூணு பேரு, இது மூணும் ஒரே ஆளுதானான்னு அங்க இருக்கற அதிகாரிக்கு எப்படி தெரியும்? கல்யாணமானா பேரை மாத்தியே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்ல, பழைய பேரையே வச்சிக்கிட்டு பாஸ்போர்ட்ல கணவர் பேர சேத்துக்கலாம். மாத்திட்டீங்கன்னா கல்யாணத்த பதிவு பண்ணின சர்டிஃபிகேட்டும், எல்லா பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஒரு அஃபிடவிட்டும் கையோட இருக்கட்டும்.

ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிட்டு டிகிரி சர்டிஃபிகேட்ட காலேஜ்லயே விட்டவங்களும் நிறைய பேரு. படிச்ச பாடம், மார்க் எல்லாம் போட்டு யுனிவர்சிட்டி தர்ற டிரான்ஸ்கிரிப்டுக்கு எங்க போறதுன்னும் குழப்பம், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002ல, அதுக்கு முன்னாடி நம்ம மாவட்டத்துல ஆர்ட்ஸ் காலேஜ் முடிச்சவங்க மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குத்தான் போகணும். இத இங்க இருக்கும்போதே முடிங்க, வயசான அப்பாவ பஸ்ஸேத்தி அலைய விடாதீங்க. வேலைய விடும்போதே என்ன வேலை, எந்த தேதியில இருந்து எதுவரைக்கும், வாரம் எத்தனை மணி நேரம்னு எழுதி அனுபவ சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, "கல்யாணம் ஆகுது, இனிமே எதுக்கு"ன்னு வேலை பாத்த இடத்துல சொன்னாலும் விடாதீங்க.

மாப்பிள்ளைங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஜெர்மனியில 1 வயசு முடிஞ்ச குழந்தைக்கு காப்பகத்துல இடம் கேக்கற உரிமை 2013ல இருந்தே சட்டத்துல இருக்கு, ஆனா பல ஊர்ல இடம் பத்தல, மாசக்கணக்கா காத்திருக்கணும். அவ லாங்குவேஜ் கிளாஸுக்கு போறதும் பரீட்சை எழுதறதும் அந்த இடத்த நம்பித்தான் இருக்கு, அதனால குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே விண்ணப்பத்த நீங்க போடுங்க, அங்க மொழியும் ஆபீஸும் பழகினவரு நீங்கதானே.