எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வாரண்டி கிளெய்ம் மறுக்கப்பட்ட லேப்டாப் இன்னொன்று போன வாரம், பழுது பார்க்கும் என் மேஜைக்கு வந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கொண்டுவந்த அம்மா, வாரண்டித் தாளைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். "மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கேன் தம்பி. இப்போ கேட்டா இது எங்க கணக்குல வராதுங்கறாங்க." பின்மூடியைக் கழற்றினேன். சார்ஜிங் போர்ட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவந்துபோயிருந்தது. ஈரம் பட்டால் நிறம் மாறுவதற்காகவே தயாரிப்பாளர்கள் ஒட்டி அனுப்பும் ஸ்டிக்கர் அது. யாரும் தண்ணீரைக் கொட்டவில்லையாம். மகன் லேப்டாப் வைக்கும் பையிலேயே தண்ணீர் பாட்டிலையும் வைப்பானாம். சர்வீஸ் சென்டரில் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், 'நீர் சேதம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. அந்த அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லாமல் விற்றவர் செய்ததுதான் தவறு.

'காசு கட்டியாச்சு, இனி எது நடந்தாலும் அவங்க பார்த்துக்குவாங்க' என்று நினைக்காதவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாரண்டி என்பது, பொருளைத் தயாரித்ததில் ஏதாவது கோளாறு இருந்தால் சரிசெய்து தருகிறோம் என்ற வாக்கு, அவ்வளவுதான். எக்ஸ்டெண்டட் வாரண்டி அதே வாக்கை இன்னும் சில வருடங்களுக்கு நீட்டிக்கிறது. முதல் வருடம் எதெல்லாம் சேர்த்தி இல்லையோ, அதெல்லாம் மூன்றாவது வருடமும் சேர்த்தி இல்லை. கீழே விழுந்து உடைந்தால் இல்லை. தண்ணீர் பட்டால் இல்லை. மின்னழுத்தம் ஏறி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு கருகினால் பெரும்பாலான திட்டங்களில் இல்லை. பூச்சி புகுந்து ஷார்ட் ஆனால் இல்லை. ஸ்க்ரீனில் கீறல் விழுந்தால் இல்லை. வெளியே யாராவது ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் அதோடு பல திட்டங்கள் முடிந்தன. டிவி பேனலில் மூலையிலிருந்து கிளம்பும் சிலந்தி வலை போன்ற விரிசலோடு வந்து, "தானா வந்துச்சு" என்று சொல்பவர்கள் பலர். சுவரில் மாட்டும்போது அழுத்தியதோ, பிள்ளைகள் எறிந்த பொம்மையோ தெரியாது, ஆனால் பரிசோதிப்பவர் கண்ணுக்கு அது அடிபட்ட பேனல். பேட்டரியும் அப்படித்தான். பல போன்களில் ஏறக்குறைய 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு பேட்டரி பழைய கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பான தேய்மானம். தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது.

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவது, தானாகவே வரும் உள்கோளாறு மட்டும். அது எப்போது வரும் என்று பாருங்கள். சால்டர் சரியாகப் பிடிக்காத போர்டு, பலவீனமான ஐசி (சிப்), மோசமான கேபிள் இணைப்பு எல்லாம் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே பல்லிளித்துவிடும். அதைத் தயாரிப்பாளரின் வாரண்டியே பார்த்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தைத் தாண்டிய பொருள் சில வருடங்கள் அமைதியாக ஓடும், பிறகுதான் வயதின் காரணமாகப் பழுதுகள் கூடும். பழுதுகள் கூடிக் குறையும் இந்த வரைபடத்தைப் பொறியாளர்கள் குளியல் தொட்டி வளைவு என்பார்கள்: இரண்டு ஓரமும் உயரம், நடுவில் தட்டை. நீங்கள் கூடுதல் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்தத் தட்டையான நடுப்பகுதிக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். 'மூன்று வருட வாரண்டி' என்று சொல்லி விற்கும் பல திட்டங்களில், தயாரிப்பாளர் ஏற்கெனவே இலவசமாகத் தரும் முதல் வருடமும் அடக்கம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்த நடு வருடங்களில் பத்துப் பொருளில் ஒன்று பழுதாகிறது, பழுது பார்க்கப் பொருளின் விலையில் 30 சதவீதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் காப்பின் அசல் மதிப்பு பொருளின் விலையில் 3 சதவீதம். உங்களிடம் கேட்பது 10, 15 சதவீதம் என்றால், மீதி எங்கே போகிறது? விற்பவர் கமிஷனுக்கும் திட்டம் நடத்துபவர் லாபத்துக்கும்தான். பில் போடும் நேரத்தில் அத்தனை வற்புறுத்தல் வருவதன் காரணம் இதுதான்.

பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் வெப்பத்தைக் கவனியுங்கள். பவர் சப்ளை போர்டில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் என்று மின்சாரத்தைச் சேமித்துத் தரும் சின்ன உருளைகள் இருக்கும். அதில் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்ற ஒரு வகை உண்டு, அதாவது 105 டிகிரி வெப்பத்தில் 2000 மணி நேரம் உழைக்கும். வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 85 டிகிரியில் வெந்தால் 8000 மணி நேரம், அதாவது தினம் 8 மணி நேரம் ஓடினால் மூன்று வருடம்கூட வராது. 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம், கிட்டத்தட்ட 11 வருடம். அதே கெபாசிட்டர்தான்! தலை உப்பிய கெபாசிட்டரை எடுத்துப் போடும்போதெல்லாம் அந்த டிவியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பேன். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள், சுவரை ஒட்டி, மேலே துணி போர்த்தி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பின்னால் ஒரு கையளவு இடம் விடுங்கள். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடமென்றால் அந்த வாரண்டிக் காசில் நல்ல ஸ்டெபிலைசரோ சர்ஜ் புரொடெக்டரோ வாங்குங்கள்.

அப்புறம் அந்த '10 வருட வாரண்டி' ஸ்டிக்கர். ஃப்ரிட்ஜில் கம்ப்ரசருக்கு, வாஷிங் மெஷினில் மோட்டாருக்கு என்று பெரும்பாலும் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் அது. போர்டு, ஃப்ரிட்ஜில் நிரப்பும் கேஸ், கூலி எல்லாம் தனி. எங்களைப் போன்றவர்களிடம் அதிகமாக வருவதோ போர்டு.

சில நாடுகளில், சட்டமே கொடுத்திருப்பதைக் காசு கொடுத்து மறுபடியும் வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருளுக்குக் குறைந்தது 2 வருடம் விற்பவரே பொறுப்பு. இந்த உரிமையை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லாமல் கூடுதல் காப்புத் திட்டத்தை விற்றதற்காக 2011இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு 9 லட்சம் யூரோ அபராதம் போட்டது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன தருகிறது என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பிழைப்பே ஒரு லேப்டாப்பை நம்பி இருக்கிறது, ஒரு நாள்கூட நிற்க முடியாது என்றால், தயாரிப்பாளரே மறுநாள் வீட்டுக்கு வந்து சரிசெய்யும் திட்டம் நல்லது. போனை அடிக்கடி கை நழுவ விடுபவர் விபத்துக் காப்புத் திட்டம் எடுக்கலாம். அது வேறு, எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு, விற்பவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பெரிய பழுது வந்தால் அந்த மாதம் சமாளிக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் நிம்மதி தரலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்தப் பொருள் பழுதானாலும் உதவும், உடைந்தாலும் உதவும், தண்ணீர் பட்டாலும் உதவும்.

எடுத்தே தீருவது என்றால், கையெழுத்துக்கு முன் விலக்குப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "எல்லாம் கவர் ஆகும்" என்று வாயால் சொல்வதை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. பொறுப்பு தயாரிப்பாளருடையதா, மூன்றாவது நிறுவனத்துடையதா? எத்தனை முறை கிளெய்ம் செய்யலாம்? ஒவ்வொரு முறையும் நம் பங்கு எவ்வளவு? மாற்றித் தந்தால் புதியதா, பழுது பார்த்த பழையதா? பணமாகத் தந்தால் தேய்மானம் கழிப்பார்களா? இத்தனையும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுப் பொருளைப் பெட்டி பிரிக்காமல் பரணில் வைக்காதீர்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் மாதமே எல்லா போர்ட்டையும், எல்லா பட்டனையும், ஸ்பீக்கரையும் நன்றாக ஓட்டிப் பாருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போட்டோக்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தகவலுக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் கடைகள் விற்கும் இத்தகைய திட்டங்களை, கிளெய்ம் எதுவும் செய்யாமல் 45 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று அந்நாட்டின் 2005 சட்ட ஆணையிலேயே இருக்கிறது. உங்கள் திட்டத்திலும் இப்படி ஒரு வரி இருக்கலாம். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். பல கடைகள் தரும் பில் வெப்பத்தில் அச்சாகும் தாள். கிளெய்ம் செய்யப்போகும் நாளில் அதில் எழுத்தே இருக்காது.