துடைப்பமும் பீரங்கியும்

கீழே ஜெர்மானிய மன்னர் மாக்சிமிலியனின் பீரங்கிகள் முழங்குகின்றன. மேலே கோட்டைத் தளபதி ஹான்ஸ் ஃபான் பியென்ட்செனாவ் தன் ஆட்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, குண்டு பட்ட இடத்தைப் பெருக்கச் சொல்கிறார். உதிர்ந்தது கொஞ்சம் காரைத் தூள். அதற்குத் துடைப்பம் போதாதா என்ற ஏளனம். 1504-இல் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையை, ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கும் குஃப்ஸ்டைன் நகருக்குப் போகிற யாரும் கேட்காமல் திரும்ப முடியாது. துடைப்பம் உண்மையோ, பிற்காலத்தவர் சேர்த்த கைச்சரக்கோ, கதைக்குள் இருக்கும் இயற்பியல் உண்மைதான்.

மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். வழியெல்லாம் சமவெளியாக இருந்த நிலம் திடீரென இரண்டு பக்கமும் எழுந்து நெருக்குகிறது. நடுவே இன் ஆறு. ஆற்றை ஒட்டி, யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் தனியாக ஒரு பாறை. ஊருக்கு மேலே சுமார் 90 மீட்டர் உயரம். அதன் தலையில் கோட்டை. தென் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து ஆற்றோடு டிரோலின் தலைநகர் இன்ஸ்ப்ரூக் பக்கம் போகும் எந்தப் படையும், எந்த வணிகனும் இந்தப் பாறையின் கண்ணில் படாமல் போக முடியாது. 1205-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே கோட்டையின் பெயர் வருகிறது. அதற்குப் பிறகு இது பவேரியாவிடம் இருந்தது, டிரோலிடம் போனது, மறுபடி பவேரியா, மறுபடி டிரோல். நெப்போலியன் காலத்தில்கூடச் சில ஆண்டுகள் பவேரியாவிடம் இருந்து, 1814-இல்தான் திரும்பியது. எல்லைக்கோடு கோட்டையைத் தாண்டி வடக்கே போனதும் தெற்கே வந்ததுமாக இருக்க, பாறை மட்டும் அசையவில்லை.

மேலே போக இப்போது சாய்தள லிஃப்ட் இருக்கிறது. நான் நடந்தே ஏறினேன். வீம்புதான், ஆனால் ஒரு கணக்கும் மனத்தில் இருந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 90 மீட்டர் ஏறச் செய்யும் வேலை ஏறக்குறைய 62,000 ஜூல். நம் தசைகள் உணவுச் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. அப்படியும் மொத்தச் செலவு 60 கிலோகலோரிதான். ஏறக்குறைய ஓர் இட்லி. ஓர் இட்லிச் சக்தியில் ஏறிவிடக்கூடிய மலை எப்படி ஒரு படையைத் தடுக்கும்?

சக்தியைப் பார்த்தால் விடை கிடைக்காது, நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஏற்றத்தில் யாராலும் ஓட முடியாது. கவசம், ஆயுதம், ஏணி என்று சுமையோடு ஏறுகிறவன் இன்னும் மெதுவாக, மூச்சிரைத்து, நேரே நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாமல் வருவான். மேலே இருப்பவனுக்கு அவசரமே இல்லை. 20 மீட்டர் உயர மதிலிலிருந்து கல்லைக் கைதவற விட்டாலே, தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். எறிய வேண்டிய வேலையைப் பூமியே செய்துவிடுகிறது. அம்பு எய்யும் துளைகளைக் கிட்டே போய்ப் பார்த்தாலும் இதே கஞ்சத்தனமான புத்திசாலித்தனம் தெரியும். உள்பக்கம் ஒரு ஆள் தோளைத் திருப்பி நிற்கும் அளவுக்கு விரிந்திருக்கும். வெளிப்பக்கம் ஒரு கை அகலம்கூட இராது. உள்ளிருப்பவன் பார்ப்பது அகன்ற கோணம், வெளியிலிருப்பவனுக்குத் தெரிவது ஒரு கோடு.

கோட்டை விற்கும் சரக்கு ஒன்றே ஒன்று: தாமதம். முற்றுகையிட்டவன் தன் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் தினமும் தீனி போட வேண்டும். கூடாரத்தில் மழை, சேறு, வயிற்றுப்போக்கு. கூலி பாக்கி விழுந்தால் கலகம். ஆல்ப்ஸ் மலையில் பனி வேறு சீக்கிரம் வந்துவிடும். மூன்று மாதம் தள்ளிவிட்டால் எதிரி தானே மூட்டை கட்டுவான்.

தாமதத்தைத் தாங்கத் தண்ணீர் வேண்டும். குஃப்ஸ்டைன் கோட்டையில் நான் அதிக நேரம் நின்ற இடம் மதிலோரம் அல்ல, கிணற்றோரம். பாறையைக் குடைந்து அறுபது சொச்சம் மீட்டர் கீழே போகிறது. வெளிச்சம் கொஞ்ச தூரம் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்கி, பிறகு நின்றுவிடுகிறது. மேலே வரும் காற்றில் ஈரக் கல்லின் வாடை. 60 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கூழாங்கல் விழுவதாக வைத்துக்கொண்டால், அடியைத் தொட மூன்றரை விநாடி ஆகும். அங்கிருந்து ‘டுப்’ என்ற சத்தம் மேலே வர இன்னும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தச் சின்னத் தாமதத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி இறைப்பது? குழாய் போட்டு மேலிருந்து உறிஞ்சலாம் என்று தோன்றும். முடியாது. உறிஞ்சுவது என்று நாம் சொல்வது உண்மையில் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம். அதன் முழு பலமும் சேர்ந்தாலும் 10 மீட்டர் சொச்சத்துக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. இந்தக் காரணத்தை இத்தாலிய அறிவியலாளர் டோரிசெல்லி விளக்கியது 1640-களில். கிணறு வெட்டியவர்களுக்கு விளக்கம் தெரியாது, ஆனால் பாடம் தெரியும்: மலைக்கோட்டைக் கிணறு என்றால் கயிறும் வாளியும் சக்கரமும்தான். 60 மீட்டர் கயிறே நனைந்தால் எவ்வளவு கனக்கும் என்று யோசித்தால், ஒரு வாளித் தண்ணீரின் விலை புரியும்.

இனி மதில். இடைக்கால மதிலை முழுக்கக் கருங்கல் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளும் புறமும் செதுக்கிய கல் வரிசை. நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். சுண்ணாம்புக் காரை காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் மறுபடி கல்லாக இறுகும். மேற்புறம் சீக்கிரம் இறுகிவிடும். தடித்த சுவரின் வயிற்றுக்குள் காற்று போய்ச் சேர்வது அவ்வளவு சுலபமல்ல. பல தலைமுறை கழிந்தும் உள்ளே சில இடங்களில் காரை பாதி இறுகாமலே இருப்பது உண்டு. ஏணியோடு வருகிறவனுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அவனுக்கு எதிராக மதில் உயரமாக இருந்தால் போதும்.

பீரங்கி இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. கல்லும் காரையும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. குண்டு மோதும்போது ஓர் அழுத்த அலை சுவருக்குள் பாய்கிறது. பின்பக்க முகத்தை எட்டியதும் அது இழுவிசை அலையாகத் திரும்புகிறது. அங்கேதான் கல் பிளக்கும், காரை உரியும். சின்னக் குண்டு என்றால் அந்த அலை வழியிலேயே உடைகல் நிரப்பத்தில் சிதறி அடங்கிவிடும். மேற்பரப்பில் ஒரு குழி, கொஞ்சம் தூள், அவ்வளவுதான். பியென்ட்செனாவ் பெருக்கச் சொன்ன தூள் இதுதான்.

மாக்சிமிலியன் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இரண்டு பெரும் பீரங்கிகளை வரவழைத்தார். ஒன்றின் பெயர் புர்லெபாவுஸ். மற்றது வெக்கவுஃப், அதாவது ‘எழுப்பிவிடு’. மலைச்சாலையில் இழுத்திருந்தால் குளிர்காலமே வந்திருக்கும். இன் ஆறு அவற்றைச் சுமந்து வந்தது. கோட்டை காவல் காத்த அதே நீர்வழி, கோட்டையை உடைக்கும் கருவிக்கு வண்டிப்பாதை ஆனது.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. 100 கிலோ குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் இயக்க ஆற்றல் 20 லட்சம் ஜூல். 10 டன் லாரி மணிக்கு 72 கிலோமீட்டரில் வந்து மோதுவதற்குச் சமம். லாரி அகலமாக மோதும். குண்டு அவ்வளவையும் ஒரு பூசணிக்காய் அளவு இடத்தில் இறக்கிவிடும். அதே இடத்தில் மறுபடி, மறுபடி. அடியில் பள்ளம் விழுந்ததும் மதிலின் பலமாக இருந்த உயரமே பாரமாகிறது. மேலிருக்கும் கல்லின் எடை முழுவதும் பள்ளத்தை நோக்கிச் சரிகிறது. சரிந்த கற்குவியல் ஏறி வருவதற்குச் சரிவுப்பாதையாகவும் அமைந்துவிடுகிறது. ஏணியைத் தடுக்கக் கட்டிய சுவர், விழுந்து ஏணியானது.

அக்டோபரில் கோட்டை விழுந்தது. பியென்ட்செனாவின் தலையும் விழுந்தது. ஏளனம் செய்ததற்காக என்று கதை சொல்கிறது. எனக்கென்னவோ, துடைப்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அரசியலை மறைக்கும் பழைய வழக்கமாகத்தான் இது தோன்றுகிறது. பவேரிய வம்சத்தின் வாரிசுரிமைப் போரில் அவர் தவறான பக்கம் நின்றார்.

வென்றவர் பாடம் கற்றார் என்பதற்குச் சாட்சி கோட்டையின் உச்சியில் நிற்கிறது. 1522-இல் கட்டி முடித்த பேரரசர் கோபுரம். வட்ட வடிவம், சுவரின் தடிப்பு சில இடங்களில் 7.5 மீட்டர் வரை. சன்னல் குழிக்குள் நுழைந்து வெளிச்சத்தை நோக்கி அடி எடுத்து வைத்தபோது, சுவருக்குள் நடக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் உறைக்கவில்லை. ஏதோ சிறு தாழ்வாரம் என்று நினைத்தேன். வட்டத்துக்குக் காரணம் அழகல்ல. மூலை இருந்தால் அதில் இரண்டு பக்கமும் ஆதரவில்லாத கல் இருக்கும், முதலில் பெயர்வது அதுதான். வளைந்த சுவரில் நேராகப் படும் குண்டு சில. மற்றவை வழுக்கிப் போகும். நேராகப் பட்டாலும் வளைவு அந்த விசையை வில்வளைவுபோல் இரு புறமும் அழுத்தமாகக் கடத்திவிடுகிறது. அழுத்தம்தான் கல்லுக்குப் பிடித்தமானது.

எதிரி நுழைய முடியாத சுவர், கைதி வெளியேற முடியாத சுவரும் ஆகும். பின்னாளில் இதே கோபுரம் சிறையானது. ஹங்கேரியின் புகழ்பெற்ற கொள்ளைக்காரன் ரோஜா ஷாண்டோர் இந்தக் கோட்டையில் அடைபட்டிருந்தவன்.

நண்பகல் ஆகும் முன் கீழே இறங்கிவிட்டேன். 1931-இலிருந்து இங்கே ஒரு வெளியரங்க ஆர்கன், அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவி, இருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்த வீரர்களின் நினைவாக வைத்தது. தினமும் 12 மணிக்கு வாசிப்பார்கள். குழல்கள் மேலே கோட்டைக் கோபுரம் ஒன்றில். வாசிப்பவர் அமர்வது பாறையின் அடிவாரத்தில். இடையே ஏறக்குறைய 100 மீட்டர். கட்டையை அழுத்தியதும் மின்சமிக்ஞை அக்கணமே மேலே போய்விடும். குழலின் ஒலி காற்றில் கீழே வர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். கிணற்றுக் கல்லின் கதைதான் மறுபடியும். வேகமான பாட்டில் அதற்குள் இரண்டு மூன்று சுரங்கள் கடந்துவிடும். தான் வாசித்தது காதில் விழும்போது விரல் வேறெங்கோ இருக்கும். காதை நம்பி வேகத்தைச் சரிசெய்யப் போனால், ஒலிக்காகக் காத்திருந்து காத்திருந்து பாட்டு இழுத்துக்கொண்டே போய் நின்றுவிடும். விரலை நம்பி, காதை அலட்சியப்படுத்தி வாசிக்க வேண்டும்.

வெளிக்காற்றில் இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று சூடாகும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். குழலின் நீளம் மாறாது. ஆகவே சுருதி ஏறும். உறைபனி நாளின் மைனஸ் 10 டிகிரிக்கும் கோடையின் 30 டிகிரிக்கும் இடையே கணக்கிட்டால், ஒரு குழலின் சுருதி அரைச் சுரத்துக்கும் சற்று அதிகமாகவே நகர்ந்துவிடும். பெரும்பாலான குழல்கள் சேர்ந்தே நகர்வதால் கேட்பவருக்கு அவ்வளவாக உறுத்தாது.

வாசிப்பவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கைகளை எடுத்துவிட்டார். கடைசிச் சுரம் இன்னும் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.