அரசுப் பள்ளி, பக்கத்துப் பல்கலைக்கழகத்திடம் என்னென்ன கேட்கலாம்?

ஊர் எல்லையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும். அதன் சுற்றுச்சுவரை ஒட்டிச் செல்லும் பஸ்ஸில்தான் பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறைக்கு ஒரே ஒரு நிறமாலைமானியை வகுப்பு முழுவதும் முறைவைத்து எட்டிப் பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அதே கருவிகள் பிற்பகல் முழுக்க உறை போட்டு மூடிக் கிடக்கும். பள்ளி கேட்டிருக்காது, பல்கலைக்கழகமும் கூப்பிட்டிருக்காது. இரு தரப்பும் கைகோக்க வேண்டும் என்று அரசு பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததை எடுத்துக் காட்டி யார் முதலில் கேட்பது என்பதுதான் சிக்கல். பள்ளிதான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எதைக் காட்டி, எப்படிக் கேட்கலாம் என்று பார்ப்போம்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் ‘அறிவியல் சமூகப் பொறுப்பு’ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சி.எஸ்.ஆர். விதி எல்லோருக்கும் தெரியும். இங்கே கேட்கப்படுவது பணம் அல்ல, நேரமும் அறிவும். அறிவியல் துறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 ஆள்நாள்களைத் தம் அறிவைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளச் செலவிட வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். யாருக்கெல்லாம் என்று அது தரும் பட்டியலில் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள், உள்ளாட்சி அமைப்புகள், சிறுதொழில் செய்வோரும் இருக்கிறார்கள். பள்ளியில் போய் வகுப்பெடுப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, ஆய்வக வசதியைப் பகிர்ந்துகொள்வது, மாணவர்களின் சிறு ஆய்வுகளுக்கு வழிகாட்டுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இயற்பியல், வேதியியல் பேராசிரியர்களுக்கு மட்டுமான ஏற்பாடு என்றும் நினைத்துவிட வேண்டாம். மருத்துவம், கணிதம், கணினி, சமூக அறிவியல் வரை இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே வரலாற்று ஆசிரியரும் கேட்கலாம்.

இந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த வரி வேறொன்று. இந்தப் பணியை வெளியாளுக்கு ஒப்பந்தம் விட்டு முடித்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தி, பேனர் கட்டி, சிற்றுண்டி கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. அறிந்தவர் தாமே வர வேண்டும். செய்த பணியை ஆண்டுப் பணி மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இது வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. அறக் கடமை என்ற அளவிலேயே ஆவணம் நிற்கிறது. பத்து நாள் தராத பேராசிரியருக்குத் தண்டனை இல்லை. ‘எங்கள் பள்ளிக்கு உரிய நாளைத் தாருங்கள்’ என்று எந்தப் பள்ளியும் வழக்குப் போட முடியாது. கேட்கும்போது தொனி முக்கியம். உரிமையாகக் கேட்டால் கதவு சாத்தப்படும். பிச்சையாகவும் கேட்க வேண்டியதில்லை. ‘உங்களுக்கும் இது கணக்கில் சேரும்’ என்று சொல்லிக் கேட்கலாம்.

உண்மையிலேயே சேரும். உயர்கல்வி நிறுவனங்களைத் தரப்படுத்தும் தேசிய அமைப்பான நாக் (NAAC) செய்யும் தர மதிப்பீட்டைப் பற்றிக் கல்லூரி வளாகங்களில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயருக்கு அங்கே இருக்கும் மரியாதையே தனி. அந்த மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிக்கும் இடம் உண்டு. விரிவாக்கம் என்றால் கல்லூரி தன் சுவருக்கு வெளியே சமூகத்துக்குச் செய்த பணி. ஒவ்வொரு பணிக்கும் கல்லூரி சான்று காட்ட வேண்டும்: வேண்டுகோள் கடிதம், வருகைப் பதிவு, புகைப்படம், நன்றிக் கடிதம். பள்ளியின் முத்திரை பதித்த ஒரு கடிதம் கல்லூரியின் தர உறுதிப் பிரிவுக்கு எவ்வளவு பயன்படும் என்று தெரிந்தால், தலைமையாசிரியர் தயங்கியபடி நாற்காலி நுனியில் உட்கார மாட்டார்.

பேர் பெற்ற நிறுவனத்தையே தேடி ஓட வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். சென்னை ஐ.ஐ.டி.க்குக் கடிதம் எழுதும் பள்ளிகள் ஏராளம். பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரியை யாரும் கேட்பதில்லை. பள்ளிப் பாடத்துக்கு வேண்டிய அளவு ஆய்வகம் அங்கேயே உண்டு. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் இன்னும் எளிது. 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாம் என்றாலே முள்செடி வெட்டுவதும் கோயில் வளாகத்தைக் கூட்டுவதும் என்று ஆகிவிட்டது. அந்த இளைஞர்களில் கணிதம் படிப்பவர்கள் இருப்பார்கள், விலங்கியல் படிப்பவர்கள் இருப்பார்கள். முகாம் ஊர் முடிவாவதற்கு முன்பே திட்ட அலுவலரிடம் பேசினால், பிற்பகல்களை எட்டாம் வகுப்புக்கு வாங்கிக்கொள்ளலாம். 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். சேர்ந்த நிறுவனங்கள் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். அந்த ஐந்தில் உங்கள் ஊர் இருந்தால், பள்ளியையும் பார்க்கும்படி கேட்க உங்களுக்குத் தனிக் காரணம் கிடைத்துவிடும்.

பெயர் தெரிந்திருக்க வேண்டிய திட்டங்கள்

ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான், 2015 ஜூலை 9 அன்று அப்துல் கலாம் தொடங்கி வைத்தது. அதே மாதம் 27ஆம் தேதி அவர் காலமானார். ஆறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியலிலும் கணிதத்திலும் ஈடுபாட்டை வளர்ப்பது நோக்கம். உயர்கல்வி நிறுவனங்கள் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளாக நிற்க வேண்டும் என்பது இதன் முக்கியமான அங்கம். இப்போது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவுக்குள் இருக்கிறது. கல்விச் சுற்றுலா, கண்காட்சி, வினாடி வினா, அறிவியல் மன்றம் எல்லாம் இதன்கீழ் வரக்கூடியவை. நிதி மாநிலத் திட்டத்தின் வழியாகவே இறங்கும். எனவே பள்ளி விசாரிக்க வேண்டிய இடம் வட்டார வள மையம். பல்கலைக்கழகத்திடம் போய்ப் பஸ் வாடகை கேட்பதில் பயனில்லை.

இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி, மாணவர்களின் புதிய யோசனைகளை இணையத்தில் பதிந்து அனுப்ப வேண்டும். தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். மாதிரியைச் செய்து மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலேறலாம். மேல்நிலைக்குப் போகும் மாதிரிகளைத் திருத்திச் செம்மைப்படுத்தத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் வழிகாட்டுதலும் கிடைக்கும். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியை அதற்கு முன்பே, யோசனை காகிதத்தில் இருக்கும்போதே கேட்பது புத்திசாலித்தனம். அதே இன்ஸ்பயர் குடும்பத்தில், பத்தாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து பதினொன்றில் அறிவியல் படிப்பவர்களுக்கு ஐந்து நாள் முகாம் என்ற ஏற்பாடும் உண்டு. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நடத்துபவை அவை. அறிவிப்பு வந்தால் தகுதியான பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் அது ஒரு சதவீதத்துக்கான முகாம். மீதித் தொண்ணூற்றொன்பதின் ஆசிரியருக்கு இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள்தான் உதவும்.

மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர்., பள்ளி மாணவர்களைத் தன் ஆய்வகங்களோடு இணைக்க நடத்தும் ஜிக்யாசா திட்டம் 2017 ஜூலையில் கேந்திரிய வித்யாலயங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், சென்னையில் உள்ள தோல் ஆய்வு நிறுவனமும் சி.எஸ்.ஐ.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தவை. காரைக்குடிப் பக்கத்து வேதியியல் ஆசிரியர் ஒருவர் மின்கலம் நடத்தும் வாரத்தில் அந்த நிறுவனத்தை நினைக்காமல் இருந்தால் அதைவிட வீண் வேறில்லை. மாணவியரை அறிவியல் படிப்புக்கு ஊக்குவிக்கும் விஞ்ஞான் ஜோதி நல்ல திட்டம். ஆனால் அதன் அடித்தளம் மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான ஜவாஹர் நவோதயா பள்ளிகள். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன.

ஆசிரியருக்காகக் கேளுங்கள்

பள்ளிக்குப் பேராசிரியர் வந்து, ‘அறிவியலும் வாழ்வும்’ என்று ஒரு மணி நேரம் பேசி, பொன்னாடை போர்த்திக்கொண்டு போவதால் யாருக்கும் கேடில்லை; நன்மையும் பெரிதாக இல்லை. அன்று கேட்ட பிள்ளைகள் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்கோ வேறு வகுப்புக்கோ போய்விடுவார்கள். ஆசிரியர் அங்கேயே இருப்பார். அவர் ஒரு கருவியை அச்சமில்லாமல் கையாளக் கற்றுக்கொண்டால், அடுத்தடுத்து வரும் எல்லா வகுப்புகளுக்கும் அது போய்ச் சேரும். ஆகவே முதல் வேண்டுகோள் ஆசிரியருக்காக இருக்கட்டும்.

எதைக் கேட்பது என்பதை ஆசிரியரே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. செய்முறையில் எது தகராறு செய்கிறது என்று அவருக்குத் தெரியும். குவிலென்சின் குவியத் தொலைவு சுலபமாக வந்துவிடும். மின்தடை எண்ணில் மாணவர்கள் திணறலாம். மேல்நிலையில் பருமனறி பகுப்பாய்வில் முடிவு நிலையைக் கண்டுபிடிப்பது, நிறமாலைமானியில் சிறும விலகல் கோணத்தைப் பிடிப்பது போன்றவை பார்த்துப் பழகாமல் கைவராதவை. ஒரு பிற்பகல் கல்லூரி ஆய்வகத்தில், மாணவர் யாரும் பார்க்காத இடத்தில், ஆசிரியர் தாமே செய்து பார்க்க வாய்ப்புக் கேளுங்கள். தெரியாததைப் பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படும் ஆசிரியரும் அங்கே மனம்விட்டுக் கேட்பார். பேராசிரியரைவிடக் கல்லூரி ஆய்வக உதவியாளரிடம்தான் அதிகம் கற்கலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். உடைந்த முனையைச் சரிசெய்வது, அமிலத்தைப் பாதுகாப்பாக நீர்க்கச் செய்வது, பழைய பேட்டரி எலிமினேட்டரை உயிர்ப்பிப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

மாணவர்களுக்குக் கேட்கும்போதும் அளவாகக் கேளுங்கள். பள்ளி முழுவதையும் லாரியில் ஏற்றியதுபோல் கொண்டு போனால் ஒருவரும் நுண்ணோக்கியில் கண் வைக்க முடியாது. ஒரு வகுப்பு, ஒரு பாடம், மூன்று சோதனைகள் போதும்.

கடிதமும் அனுமதியும்

பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து தொடங்குவது நல்லது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் இந்தக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அந்தத் திட்டத்தில் ‘அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தைப் பயன்படுத்துதல்’ என்று ஒரு வரி சேர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டால், தலைமையாசிரியர் மாறிப் போனாலும் வேலை நிற்காது. பெற்றோருக்கும் பிள்ளைகள் எங்கே, ஏன் போகிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கல்லூரி முதல்வருக்கு எழுதி, துறைத் தலைவருக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கும் நகல் போடுங்கள். பல்கலைக்கழகமாக இருந்தால் பதிவாளருக்கு. எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தப் பாடம், எந்தக் கருவி, எந்த இரண்டு மூன்று தேதிகள், உடன் வரும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலை ஒரே வரியில் குறிப்பிடுங்கள், போதும். ‘தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடி’ என்ற வழக்கமான வாக்கியங்கள் இருந்தால் இருக்கட்டும். தேதியும் கருவியும் விட்டுப்போகக் கூடாது. அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள்.

மாணவர்களை வெளியே அழைத்துச் செல்ல உரிய கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். மாணவியர் இருந்தால் ஆசிரியை ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். ஆசிரியர் மட்டும் பயிற்சிக்குப் போவதென்றால், அந்த நாளைப் பணிக்காலமாகக் கருதும் ஆணையை முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய், தற்செயல் விடுப்பை இழப்பவர்கள் உண்டு. கல்லூரி மாணவர்கள் பள்ளிக்கு வந்து பாடம் நடத்தும்போது வகுப்பாசிரியர் அறையிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தை ஓய்வு நேரமாக்கிக்கொள்ளக் கூடாது.

கேட்பதற்கு ஏற்ற மாதம் ஜூன், ஜூலை. கல்லூரிகள் ஆண்டுத் திட்டம் வகுக்கும் நேரம் அது. இன்ஸ்பயர் மானக் யோசனைகளையும் அப்போதே திரட்டத் தொடங்கலாம். ராமன் விளைவு 1928இல் அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்பதால், அந்த வாரம் பல நிறுவனங்கள் ஆய்வகங்களைத் திறந்து வைக்கும். கூட்டம் நெரியும். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தேர்வுக் காலமும்கூட. அவர்களை விட்டுவிட்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப் போங்கள்.