முதல் கிலோமீட்டரில் நெஞ்சு வலித்து, அப்புறம் சரியானால் அது கேஸ் (வாயு) இல்லை

சென்ற வாரம் என்னிடம் இன்னொரு ஓட்டக்காரர் வந்தார். 48 வயது, நான்கு முழு மாரத்தான் ஓடியவர். ஓடத் தொடங்கிய முதல் கிலோமீட்டரில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், அப்புறம் தானாக விட்டுவிடும். மூன்று வாரமாக இதே கதைதான். "ஓட ஓடச் சரியாயிடுது டாக்டர், அப்ப கேஸ்தானே?" என்று கேட்டார்.

கேஸ் இல்லை. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி இது, வார்ம்-அப் ஆஞ்சைனா என்று பெயரே உண்டு. ஆஞ்சியோவில் இடது முன் ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு இருந்தது. கெட்ட கொழுப்பு 178. இரண்டு வருடம் முன்பு கொடுத்த கொழுப்பு மாத்திரையை ஓட ஆரம்பித்ததும் அவரே நிறுத்திவிட்டார். "ஓடுறவனுக்கு எதுக்கு சார் மாத்திரை?"

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இது பழைய நம்பிக்கை. 1970களில் அமெரிக்காவில் தாமஸ் பாஸ்லர் என்ற மருத்துவர், மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இதயக் குழாய் அடைப்பால் சாவு வராது என்றே வாதாடினார். 1979இல் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் சக மருத்துவர்களும், இறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களின் பிரேதப் பரிசோதனையில் கண்ட அடைப்புகளைக் காட்டி அதை மறுத்தார்கள். அப்படியும் நம்பிக்கை போகவில்லை. ஊர் உலகத்தையே ஓட வைத்த எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ் 1984 ஜூலையில், ஓடப் போன இடத்திலேயே விழுந்து இறந்தார். வயது 52. மூன்று முக்கியக் குழாய்களிலும் அடைப்பு. அவருடைய அப்பாவுக்கு 35 வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தது. ஃபிக்ஸும் 35 வயது வரை நிறைய சிகரெட் பிடித்தவர், பருமனானவர். அதற்குப் பிறகு ஓடிய ஓட்டம் நிறைய நல்லது செய்தது, ஆனால் அப்பாவிடமிருந்து வந்ததை அழிக்கவில்லை. ஓட்டம் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும். பரம்பரையாக வந்த கொழுப்பை அது துடைத்தெடுக்காது. இதை எத்தனை முறை சொல்வது!

இதைப் படித்துவிட்டு ஷூவைத் தூக்கிப் பரணில் போடும் கூட்டமும் உண்டு, அவர்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. நீண்டகாலமாக நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் இதயக் குழாய்களில் கால்சியம் படிவது (கொழுப்புப் படிவின் அடையாளம்) கூடுதலாகத்தான் தெரிகிறது. ஆனால் 2019இல் டல்லாஸில் 21,000க்கு மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தபோது, கால்சியம் அதிகமிருந்தும் நிறைய உடற்பயிற்சி செய்தவர்கள், அதே அளவு கால்சியம் இருந்து குறைவாகச் செய்தவர்களைவிட அதிகமாக இறக்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கால்சியம் எண்ணைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தை விடாதீர்கள். அந்த ரிப்போர்ட்டோடு என்னைப் போல யாரிடமாவது வாருங்கள்.

40 தாண்டியவர்கள் பந்தயத்துக்குப் பணம் கட்டும் முன் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று கொண்டாட வேண்டாம், அது பெரும்பாலும் பெரிய அடைப்பைத்தான் காட்டும். குழாயைப் பாதி மட்டும் அடைத்த கொழுப்புப் படிவு வெடித்தும் மாரடைப்பு வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோடு ஓடாதீர்கள். பழைய வேகத்தில் ஓட முடியவில்லை, இரண்டு வாரமாக மூச்சு வாங்குகிறது என்றால், "வயசாயிடுச்சு" என்று தள்ளிப்போடாமல் ஒரு ஈசிஜி எடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஒன்று. ஞாயிறு விடியற்காலை ஓடும்போது நெஞ்சு இறுக்கினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் "யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.