கொம்போஸ்ட் என்னும் கூட்டெரு

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளரும் வரை, மலையகத்தில் எங்கும் காதில் விழுந்த சொல் கொம்போஸ்ட். சிங்களத்திலும் அதே ஒலிதான். பாடநூலில் அது 'கூட்டெரு'; பேச்சில் 'குப்பைப் பசளை'. இவற்றுள் கூட்டெருவைத்தான் நாம் புழங்க வேண்டும். குப்பைப் பசளை என்ற பெயரை நம்பி லயத்துக் கோடியில் குப்பையைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், மாதங்கள் கழிந்தும் அது குப்பையாகவேதான் கிடக்கும்.

மூலம் இலத்தீன். 'கொம்' என்றால் சேர்த்து, 'பொனேரே' என்றால் வைத்தல். ஒன்றுகூட்டி வைத்தது 'கொம்பொசிட்டும்'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழங்களைச் சீனிப்பாகில் சேர்த்துக் காய்ச்சும் 'கொம்போட்' இதற்கு உடன்பிறந்த சொல். தமிழில் பல மரக்கறி சேர்த்துச் சமைக்கும் கூட்டும் அதே கருத்துத்தான். எரு மிகப் பழைய சொல். 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்கிறது குறள். சாணத்தைத் தட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கும் வரட்டிக்கும் எருமுட்டை என்று பெயர் உண்டு. மண்ணுக்குப் போவதும் அடுப்புக்குப் போவதும் ஒரே பெயரில் நிற்பது காரணத்தோடுதான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிவரும் மிலாறை, அதாவது வெட்டிய கிளைகளை, அடுப்பில் வைத்தால், தேயிலை வெயிலில் சேர்த்த சக்தி சில நிமிடங்களில் வெப்பமாகப் போய்விடும். நைதரசன் புகையோடு போகும், சாம்பல் மிஞ்சும். கூட்டெருக் குவியலிலும் அதே சக்தி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆனால் வாரக்கணக்கில், பற்றீரியாவும் பங்கசும் தின்று மூச்சுவிடும் வேகத்தில். சக்தி திரும்பி வராது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றைப் பிடித்துவைத்து மீண்டும் பாத்திக்கு அனுப்பலாம். 'கூட்டு' என்ற சொல்லின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பங்கு நைதரசனுக்கு நுண்ணங்கிகள் ஏறத்தாழ 30 பங்கு காபன் கேட்கும். அதில் சுமார் 20 பங்கு காபனீரொட்சைட்டாகப் போய்விடும். குவியல் பாதியாக அமுங்குவது அதனால்தான். காய்ந்த புல், சருகு, நறுக்கிய மெல்லிய மிலாறு எல்லாம் காபன் கூடியவை. கோவா இலை, லீக்ஸ் தோகை, காட்டுச் சூரியகாந்தித் தழை, மாட்டுச் சாணம் ஆகியவை நைதரசன் தருபவை. காய்ந்தது 15 சென்ரிமீற்றர், பச்சை 10, சாணம் 5 என்று அடுக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றருக்குக் குறையாமல் எழுப்புங்கள். நுவரெலியாக் குளிருக்கு ஒன்றேகால் மீற்றர் நல்லது. சிறிய குவியலின் சூடு வெளியே ஓடிவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் வரவேண்டும்.

நான்காம் நாள் அலவாங்கை நடுவில் குத்தி, பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் 55 முதல் 65 பாகை வரை ஏறியிருக்கிறது. களை விதைகளில் பெரும்பாலானவை அங்கே சாகும். 70ஐத் தாண்டினால் வேலை செய்கிற நுண்ணங்கியே சாகும், அப்போது மண் கிளறும் முள்ளால் உடனே புரட்டுங்கள். வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் நீரோ பச்சையோ போதவில்லை. மூக்கை அரிக்கும் நெடி வந்தால் பச்சை மிஞ்சி நைதரசன் அமோனியாவாகப் பறக்கிறது, சருகு சேருங்கள். அடுப்புச் சாம்பலையும் டொலமைற்று என்னும் சுண்ணாம்புத் தூளையும் குவியலில் கலந்தாலும் இதே இழப்பு நேரும். கூழ்முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. மழையில் அடியிலிருந்து தேநீர் நிறத்தில் வடிகிற நீர் முழுக்கப் போசணைதான், ஆகவே மேலே படங்கு போடுங்கள். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிய கோவாவை எக்காரணத்துக்கும் போடாதீர்கள். அந்த நோயின் வித்திகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

முதல் புரட்டல் பத்தாம் நாள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதம் ஆகும், மேட்டுக் குளிரில் நான்கு.

அளவிலும் ஏமாறக் கூடாது. 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. கூட்டெருவில் அது நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலே, அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ சுமக்க வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். 2021இல் பல பாத்திகள் வெளுத்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம்.

அரைகுறையாக மக்கியதைப் போட்டாலும் கரட் மஞ்சளாகும். மிஞ்சிய காபனைத் தின்ன நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனையே எடுத்துக்கொள்ளும். ஈரமான ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை நனைத்த மண் வாசம் வந்தால் பாத்திக்குப் போகலாம். புளித்த நாற்றம் வந்தால் இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும்.